களை வெட்டும் மெஷினின் கார்புரேட்டரை ட்யூன் செய்வது: முழுமையான வழிகாட்டி

என் முதல் களை வெட்டும் மெஷின் சாவதற்கு முந்தைய அரை மணி நேரத்தில்தான் அவ்வளவு அருமையாக ஓடியது. புகை இல்லை. ஆக்சிலேட்டரைத் தொட்டதும் சீறியது. காற்றையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டரில் இருந்த ஒரு ஸ்க்ரூவை நானே கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே திருகி, சத்தம் ஏற ஏற மகிழ்ந்து போய், மெஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு வரப்பில் இறங்கினேன். ஒரு வரப்பு முடியவில்லை, 'க்ரீச்' என்று நின்றது. கயிற்றை இழுத்தால் அசையவே இல்லை. பிரித்துப் பார்த்தால் பிஸ்டனில் சைலன்சர் பக்கம் முழுக்கக் கோடு கோடாகக் கீறல். பிஸ்டனும் போரும் (அது ஓடும் சிலிண்டர்) சேர்த்து மாற்ற வேண்டியதாயிற்று.

அன்று நான் செய்த தவறு, நன்றாக இருக்கிற சத்தத்தை நம்பியது. டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் பெட்ரோல் வெறும் எரிபொருள் இல்லை, 2டி ஆயிலைச் சுமந்து வருவதும் அதுதான். ஸ்க்ரூவை உள்ளே திருகினால் பெட்ரோல் குறைகிறது, கூடவே ஆயிலும் குறைகிறது. அதே நேரத்தில் சூடும் ஏறுகிறது. வேகம் கூடிக்கொண்டே போவது நமக்குச் சுகமாக இருக்கும், பிஸ்டனுக்கு இருக்காது. பெட்ரோல் சற்று அதிகமானால் புகை வரும், பிளக் கறுக்கும், அவ்வளவுதான் செலவு. குறைந்தால் இன்ஜினே செலவு. கீழே வரும் ஒவ்வொரு அரைக்கால் சுற்றையும் இந்தக் கணக்கை வைத்துத்தான் திருப்பப் போகிறோம்.

இந்த வழிகாட்டி, தோளில் மாட்டும் பிரஷ் கட்டர், மரம் அறுக்கும் செயின் சா, தேயிலை கவாத்து மெஷின் போன்றவற்றில் இருக்கும் டயாஃப்ரம் வகை கார்புரேட்டருக்கானது. வால்ப்ரோ, ஜாமா என்ற பெயர்கள் அதன் உடலில் பொறித்திருக்கும், அல்லது அவற்றின் நகலாக இருக்கும். பம்ப்செட்டில் உள்ள மிதவை வகைக்குக் கடைசியில் வருகிறேன்.

மூன்று ஸ்க்ரூ, மூன்று வேலை

கார்புரேட்டர் பக்கவாட்டில் அருகருகே இரண்டு சின்ன ஸ்க்ரூ இருக்கும், கொஞ்சம் தள்ளி இன்னொன்று. அருகருகே உள்ளவற்றில் 'எல்' என்று குறித்தது மெதுவேகத்துக்கான பெட்ரோல். 'எச்' என்றது முழுவேகத்துக்கான பெட்ரோல். தள்ளி இருக்கும் மூன்றாவதில் பெரும்பாலும் 'டி' என்றோ 'எல்ஏ' என்றோ இருக்கும். அதற்கும் பெட்ரோலுக்கும் சம்பந்தமில்லை. ஆக்சிலேட்டர் வால்வு முழுக்க மூடாமல் தாங்கிப் பிடிக்கிற ஸ்க்ரூ அது. மெக்கானிக்குகள் 'ஸ்லோ ஸ்பீடு ஸ்க்ரூ' என்பது இதைத்தான்.

எல், எச் இரண்டையும் கடிகார முள் சுற்றும் பக்கம் திருப்பினால் ஸ்க்ரூ உள்ளே போகும், பெட்ரோல் குறையும். இதை 'லீன்' என்பார்கள். எதிர்ப்பக்கம் திருப்பினால் வெளியே வரும், பெட்ரோல் கூடும். அது 'ரிச்'.

எந்தப் பக்கம் சாய்த்தாலும் இந்த மெஷின் ஓடுவதற்குக் காரணம், இதற்குள் மிதவை இல்லை. இன்ஜினின் அடிவயிற்றில், அதாவது கிரேங்க் கேஸில், பிஸ்டன் ஏறி இறங்கும்போது உண்டாகும் அழுத்தத் துடிப்பு ஒரு சின்னத் துளை வழியாக கார்புரேட்டருக்கு வருகிறது. அந்தத் துடிப்பில் டயாஃப்ரம் என்ற ஒரு மெல்லிய ஏடு அடித்து அடித்து டேங்கிலிருந்து பெட்ரோலை இழுக்கிறது. இன்னொரு ஏடு, உள்ளே எவ்வளவு பெட்ரோல் செலவாகிறதோ அந்த அளவுக்கு ஊசியைத் திறந்து மூடுகிறது. இந்த இரண்டு ஏடுகளும்தான் கார்புரேட்டரின் உயிர். அவை விறைத்துப் போயிருந்தால் ஸ்க்ரூவை நாள் முழுக்கத் திருகினாலும் பயனில்லை.

ஸ்க்ரூவைத் தொடுமுன்

நன்றாக ஓடிக்கொண்டிருந்த மெஷின் ஒரு நாள் காலையில் திடீரென்று தகராறு செய்தால், ஸ்க்ரூ தானாகச் சுற்றியிருக்காது. வேறெதுவோ கெட்டிருக்கிறது. என் கணக்கில் பத்தில் எட்டு முறை, ட்யூனிங் என்று வரும் மெஷினுக்கு ட்யூனிங்கே தேவைப்படுவதில்லை. எனவே முதலில் இவற்றைப் பாருங்கள்.

ஏர் ஃபில்டரைக் கழற்றிக் கழுவிக் காய வைத்து மாட்டுங்கள். தூசியடைத்த ஃபில்டரோடு ட்யூன் செய்துவிட்டு, அப்புறம் புது ஃபில்டர் போட்டால் காற்று அதிகமாகி மெஷின் லீனாகிவிடும். ஃபில்டரே இல்லாமல் ட்யூன் செய்வதும் தப்பு.

டேங்கில் இருக்கும் பெட்ரோலைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலந்து ஊற்றுங்கள். ஆயில் அளவு உங்கள் மெஷின் கையேடு சொல்கிறபடி. 50-க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி, 25-க்கு 1 என்றால் 40 மில்லி. டப்பாவில் ஜேஏஎஸ்ஓ எஃப்டி என்ற தரக்குறி உள்ள ஆயில் நல்லது. படகு இன்ஜினுக்கான டிசி-டபிள்யூ3 ஆயில் தண்ணீரால் குளிரும் இன்ஜினுக்கானது, காற்றால் குளிரும் நம் மெஷினுக்கு வேண்டாம். இதில் பலர் கவனிக்காத ஒரு கூத்து உண்டு. "கொஞ்சம் ஆயில் சேர்த்து விட்டால் இன்ஜினுக்கு நல்லதுதானே" என்று ஆயிலைக் கூட்டினால், அதே ஜெட் துளை வழியே போகிற திரவத்தில் பெட்ரோலின் பங்கு குறைகிறது. அதாவது கலவை சற்று லீனாகிறது. ஆயில் அளவை மாற்றினால் ட்யூனிங்கையும் மறுபடி பார்க்க வேண்டும்.

டேங்குக்குள் குழாய் நுனியில் தொங்கும் ஃபில்டரைக் கம்பிக் கொக்கியால் வெளியே இழுத்துப் பாருங்கள். கறுத்துக் கெட்டியாகியிருந்தால் மாற்றுங்கள், விலை குறைவுதான். பெட்ரோல் குழாயை வளைத்துப் பார்த்தால் வெடிப்பு தெரியும். கார்புரேட்டரை இன்ஜினோடு பிணைக்கும் இரண்டு ஸ்க்ரூவும் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பாருங்கள். அதிர்வில் அவை தளர்ந்து, கேஸ்கட் வழியே காற்று புகுவது சாதாரணமாக நடக்கும். சைலன்சர் வாயில் சின்ன வலை இருந்தால் கரி அடைத்திருக்கும், சுரண்டி எடுங்கள். பிளக்கைக் கழற்றித் துடைத்து, இடைவெளி கையேட்டில் உள்ளபடி (பெரும்பாலும் 0.5 முதல் 0.7 மி.மீ.) இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆறு மாதம் டேங்கில் பெட்ரோலோடு கிடந்த மெஷின் என்றால் கார்புரேட்டரைப் பிரிக்க வேண்டியிருக்கும். நான்கு ஸ்க்ரூ உள்ள மூடியைக் கழற்றினால் ஏடு தெரியும். விரலால் தொட்டால் துணிபோல் தொய்ய வேண்டும். சிப்ஸ் போல மொறமொறத்தால் புது ரிப்பேர் கிட் வாங்குங்கள். மறுபக்க மூடிக்குள் நகத்தில் பாதி அளவுக்கு ஒரு சல்லடை இருக்கும். அதில் ஒட்டியிருக்கும் பழுப்புப் பசை பழைய பெட்ரோலின் கசடு.

திருப்புளியும் இடமும்

ஸ்க்ரூ தலை சாதாரணப் பள்ளமாக இருந்தால் 2.5 மி.மீ. தட்டைத் திருப்புளி போதும். பல மெஷின்களில் பல்வரிசை போலவோ ஒருபக்கம் வெட்டிய வட்டம் போலவோ தலை இருக்கும். புகை விதிகளுக்காக, வாங்கியவர் கை வைக்கக் கூடாது என்றே கம்பெனி அப்படிச் செய்கிறது. அதற்கேற்ற திருப்புளிகள் செட்டாகக் கிடைக்கின்றன. குறடால் பிடித்துத் திருகி ஸ்க்ரூவின் தலையைத் தேய்த்தவர்களைப் பார்த்திருக்கிறேன், அதற்கப்புறம் முழு கார்புரேட்டரைத்தான் மாற்ற வேண்டும். சிலவற்றில் பிளாஸ்டிக் தொப்பி போட்டுச் சிறிதளவே சுற்றவிடுவார்கள். அந்த அளவுக்குள் சரியாகிறதா என்று முதலில் பாருங்கள்.

தானே ட்யூன் செய்துகொள்ளும் மின்னணு கார்புரேட்டர்களும் வந்துவிட்டன. ஸ்டில் கம்பெனி எம்-ட்ரானிக் என்றும், ஹஸ்க்வர்னா ஆட்டோட்யூன் என்றும் பெயர் வைத்திருக்கின்றன. அவற்றில் திருப்ப ஸ்க்ரூ இருக்காது, தேடாதீர்கள்.

மலிவு விலை மெஷின்கள் சிலவற்றில் உருளை வகை கார்புரேட்டர் இருக்கும். ஆக்சிலேட்டரை முறுக்கினால் ஒரு உருளை சுழன்றபடியே மேலே எழும், நடுவில் ஒரு ஊசி. கீழே சொல்லும் முறை அதற்கு அப்படியே பொருந்தாது.

வேலையைத் திறந்த வெளியில் செய்யுங்கள். மூடிய அறையில் சைலன்சர் புகை ஆளைக் கொல்லும். நைலான் கயிறு மாட்டிய தலையை, கயிறு வழக்கமான நீளத்தில் இருக்க, கழற்றாமல் வைத்தே ட்யூன் செய்ய வேண்டும். கயிறே இல்லாமல் ஓட்டினால் வேகம் எக்குத்தப்பாக ஏறும். மெஷினைத் தரையில் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள இன்னொருவர் இருந்தால் நல்லது. கண்ணாடி, செருப்பல்லாத ஷூ கட்டாயம். பிள்ளைகள், நாய் எல்லாம் பக்கத்தில் வேண்டாம்.

முதல் படி: எங்கே இருக்கிறது என்று குறித்துக்கொள்வது

எதையும் மாற்றுமுன், எல் ஸ்க்ரூவை மெல்ல உள்ளே திருப்பியபடி எண்ணுங்கள். லேசாகத் தட்டியதும் நிறுத்துங்கள். ஒன்றேகால் சுற்று என்றால் எழுதி வையுங்கள். எச்-சுக்கும் அப்படியே. இறுக்கக் கூடாது. அதன் நுனி ஊசி போன்றது, இறுக்கினால் நுனியும் கெடும், அது உட்காரும் பித்தளைத் துளையும் கெடும்.

பிறகு இரண்டையும் கையேட்டில் சொன்ன அளவுக்கு வெளியே எடுங்கள். கையேடு இல்லையென்றால் இரண்டும் ஒரு முழுச் சுற்று என்று தொடங்கலாம். எச்-சை மட்டும் ஒன்றேகால் வைத்துத் தொடங்குவது என் வழக்கம். பயந்தவன் கணக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: சூடாக்குதல்

சோக் போட்டு ஸ்டார்ட் செய்து, சோக்கை எடுத்துவிட்டு, ஐந்து நிமிடம் ஓட விடுங்கள். நடுநடுவே ஆக்சிலேட்டரை லேசாக முறுக்கலாம். ஆறிய இன்ஜினுக்குப் பெட்ரோல் அதிகம் வேண்டும். ஆறியிருக்கும்போது ட்யூன் செய்தால் எல்லாம் பொய்யாகிவிடும். நிற்காமல் ஓட மாட்டேன் என்றால் மூன்றாவது ஸ்க்ரூவைக் கொஞ்சம் உள்ளே திருப்பி வேகத்தை ஏற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: எல் ஸ்க்ரூ

எப்போதும் எல்தான் முதலில். முழுவேகத்திலும் எல் வழியே கொஞ்சம் பெட்ரோல் போய்க்கொண்டே இருக்கும் என்பதால், எச்-சை முடித்துவிட்டு எல்-லை மாற்றினால் எச் கணக்கும் கலைந்துவிடும்.

மெதுவேகத்தில் ஓடவிட்டு எல்-லை மெல்ல உள்ளே திருப்புங்கள். அரைக்கால் சுற்று திருப்பி, இரண்டு மூன்று நொடி பொறுத்துக் கேளுங்கள். கடிகாரத்தில் நிமிட முள் ஏழரை நிமிடம் நகர்கிற அளவுதான் அரைக்கால். பள்ளிக்கூடத்தோடு மறந்துபோன அந்தப் பின்னம் இந்த வேலைக்கென்றே செய்தது போல இருக்கிறது. வேகம் ஏறும், ஏறும், ஒரு கட்டத்தில் தடுமாறி இறங்கப் பார்க்கும். இப்போது வெளியே திருப்புங்கள். மறுபடி ஏறி, பிறகு கனத்து, 'பொட பொட' என்று ஆகும். இந்த இரண்டு எல்லைக்கும் நடுவில் வேகம் உச்சமாக இருக்கும் இடத்தைப் பிடியுங்கள். பிடித்ததும், அங்கிருந்து அரைக்கால் முதல் கால் சுற்று வரை வெளியே எடுங்கள். உச்சத்திலேயே விட்டுவிடாதீர்கள்.

சோதிக்க, மெதுவேகத்தில் அரை நிமிடம் விட்டு ஆக்சிலேட்டரைச் சட்டென்று முழுக்க அழுத்துங்கள். தயங்காமல் எழுந்தால் சரி. புகையில்லாமல் 'புஸ்' என்று படுத்துவிட்டால் லீன், அரைக்கால் வெளியே. புகை கக்கிக்கொண்டு, கரகரத்து, திணறி எழுந்தால் ரிச், அரைக்கால் உள்ளே. ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் வேகம் உடனே இறங்காமல் மேலேயே தொங்கிக்கொண்டிருந்தால் அதுவும் லீனுக்கான அறிகுறி. ஒரு நிமிடம் மெதுவேகத்தில் விட்டால் தானாகக் கனத்து அணைந்துபோவது ரிச்சுக்கான அறிகுறி.

நான்காம் படி: ஸ்லோ ஸ்பீடு

இப்போது மூன்றாவது ஸ்க்ரூ. இன்ஜின் அணையாமல் சீராக ஓட வேண்டும், ஆனால் கயிறு மாட்டிய தலை சுழலக் கூடாது. வழக்கமாக 2,600 முதல் 3,000 ஆர்பிஎம் வரை. தலை சுழன்றுகொண்டே இருந்தால் கிளட்ச் பிடிக்கும் அளவுக்கு வேகம் அதிகம் என்று அர்த்தம், ஸ்க்ரூவை வெளியே எடுங்கள். குறைத்தும் சுழன்றால் கிளட்ச் ஸ்பிரிங் போயிருக்கலாம். அந்த மெஷினோடு வயலில் நடப்பது ஆபத்து.

மெஷினைப் பக்கவாட்டில், மேலே, கீழே சாய்த்துப் பாருங்கள். சாய்க்கும்போதெல்லாம் வேகம் மாறினால் எங்கோ காற்றோ பெட்ரோலோ கசிகிறது. கிரேங்க் சீல் தேய்ந்திருக்கலாம், ஊசி சரியாக மூடாமல் இருக்கலாம். இதைத் தெரியாமல் ட்யூன் செய்பவர், தினம் ஒரு அளவு வைத்துக்கொண்டே இருப்பார். கிரேங்க் கேஸுக்குள் காற்றடைத்து அழுத்தம் நிற்கிறதா என்று பார்க்கும் வசதி உள்ள மெக்கானிக்கிடம் கொண்டுபோவதே சரி.

ஐந்தாம் படி: எச் ஸ்க்ரூ

என் பிஸ்டனைத் தின்றது இதுதான். அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

ஆக்சிலேட்டரை முழுக்க அழுத்தி, ஐந்து நொடிக்கு மேல் போகாமல் கேளுங்கள். பெட்ரோல் போதுமான அளவு இருந்தால், சுமையில்லாத முழுவேகத்தில் சத்தம் சுத்தமாக இருக்காது, அடியில் ஒரு கரகரப்பு கேட்கும். சிலிண்டரில் எரியாத வாயு மிஞ்சி, ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று எரிவதால் வரும் சத்தம் அது. கேட்பதற்கு நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் போலவே இருக்கும். எச்-சை அரைக்கால் உள்ளே திருப்பிக் கேளுங்கள். கரகரப்பு குறையும். இன்னொரு அரைக்கால் திருப்பினால் மறைந்து, ஒரே நேர்கோட்டில் 'ஈஈஈ' என்று கீச்சிடும். அந்தக் கீச்சு வந்த இடத்தில் நிறுத்தாதீர்கள். உடனே திரும்பி வாருங்கள். கரகரப்பு மெலிதாக மறுபடி கேட்கும்வரை வெளியே எடுங்கள்.

அந்தக் கரகரப்பைக் குறை என்று நினைத்துத்தான் நான் அன்று உள்ளே திருகிக்கொண்டே போனேன்.

சரியாக வைத்திருக்கிறோமா என்பது புல்லில்தான் தெரியும். அடர்ந்த கோரையில் இறக்கியதும் சுமை ஏறி, கரகரப்பு மறைந்து, குரல் தெளிய வேண்டும். தூக்கியதும் கரகரப்பு திரும்ப வர வேண்டும். சுமையிலும் கரகரத்தால் ரிச், அரைக்கால் உள்ளே. தூக்கியபோதும் தெளிவாகவே இருந்தால் லீன், அரைக்கால் வெளியே.

காது ஏமாறும் ஒரு இடமும் உண்டு. சில மெஷின்களில் வேகம் அளவுக்கு மேல் போனால் தீப்பொறியை வெட்டிவிடும் மின்னணுக் கட்டுப்பாடு இருக்கிறது. அது வெட்டும்போதும் கரகரவென்றுதான் கேட்கும். லீனாக இருக்கும் இன்ஜின், ரிச் போலக் கேட்கும்! இப்படிப்பட்ட மெஷினுக்கு பிளக் வயரில் சுற்றி இன்ஜின் வேகத்தை அளக்கும் சின்ன டாக்கோமீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள். ஆன்லைனில் குறைந்த விலைக்கே கிடைக்கிறது. டூ ஸ்ட்ரோக்குக்கு ஒரு சுற்றுக்கு ஒரு தீப்பொறி என்று அதில் தேர்ந்தெடுத்து, கையேட்டில் உள்ள உச்சவேகத்தைத் தாண்டாதபடி எச்-சை வையுங்கள்.

முடிந்ததும் பத்து நிமிடம் புல் வெட்டி, முழுவேகத்தில் இருக்கும்போதே சுவிட்சை அணைத்து, ஆறியபின் பிளக்கைக் கழற்றுங்கள். பீங்கான் பாகம் பிஸ்கட் நிறத்தில் இருந்தால் நல்லது. சுண்ணாம்பு போல வெளுத்திருந்தால் எச்-சை வெளியே எடுங்கள். கறுத்து ஈரமாக இருந்தால் கொஞ்சம் உள்ளே. கடைசியாக ஒருமுறை எல்-லையும் ஸ்லோ ஸ்பீடையும் சரிபாருங்கள்.

எத்தனால் பெட்ரோல்

சுத்தமான பெட்ரோல் ஒரு கிலோ எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும், ஏனெனில் ஆக்சிஜன் அதற்குள்ளேயே இருக்கிறது. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலுக்குக் கணக்குப் போட்டால் 13.5 அளவில் வரும். 2023-இல் இந்தியாவில் அறிமுகமாகி இப்போது பெரும்பாலான பெட்ரோல் பங்குகளில் கிடைப்பது அந்தப் பெட்ரோல்தான். அப்படியானால், பழைய பெட்ரோலுக்கு ட்யூன் செய்த மெஷின் ஸ்க்ரூ நகராமலே லீனாகியிருக்கிறது. பழைய மெஷின் வைத்திருப்பவர்கள் எல், எச் இரண்டையும் ஒருமுறை சரிபார்ப்பது நல்லது.

எத்தனால் ஈரத்தை இழுக்கும். தண்ணீர் மிஞ்சிப் போனால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து டேங்கின் அடியில் தனியாகப் படியும். ஆயில் மேலே பெட்ரோலோடு நின்றுவிடும். குழாய் உறிஞ்சுவது அடியிலிருந்து. வேலை முடிந்து இரண்டு வாரத்துக்கு மேல் சும்மா கிடக்கும் என்றால் டேங்கைக் காலி செய்து, கார்புரேட்டரில் உள்ளதும் தீர்ந்து அணையும்வரை ஓட்டி வையுங்கள்.

மலையும் பருவமும்

ஊட்டி கடல்மட்டத்திலிருந்து 2,240 மீட்டர். அங்கே காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு குறைவு. மேட்டுப்பாளையத்தில் ட்யூன் செய்த மெஷின் அங்கே போனால் ரிச்சாகிப் புகைக்கும், பலம் குறையும், கெடாது. அங்கே எச்-சை உள்ளே திருகிச் சரிசெய்துவிட்டு அப்படியே கீழே இறக்கிக் கொண்டுவந்து ஓட்டினால்தான் வம்பு. தோட்ட வேலைக்காக மெஷினை மேலும் கீழும் வாடகைக்கு அனுப்புகிறவர்கள் இதைக் கட்டாயம் நினைவில் வைக்க வேண்டும்.

பம்ப்செட் கார்புரேட்டர்

நான்கு ஸ்ட்ரோக் பெட்ரோல் பம்ப்செட், டில்லர் இவற்றில் மிதவை வகைதான். முழுவேகத்துக்கான ஜெட் பெரும்பாலும் மாறாத துளை, திருப்ப எதுவும் இருக்காது. மெதுவேகத்துக்கு மட்டும் ஒரு ஸ்க்ரூ இருக்கும். அது ஆக்சிலேட்டர் வால்வுக்கும் இன்ஜினுக்கும் நடுவில் இருந்தால் பெட்ரோல் கலவை ஸ்க்ரூ, உள்ளே திருப்பினால் லீன். ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் காற்று ஸ்க்ரூ, உள்ளே திருப்பினால் ரிச். நேர் எதிர்! இதைப் பார்க்காமல் கை வைத்தால் நாள் முழுக்க எதிர்த்திசையில் உழைக்க வேண்டியதுதான். மற்றபடி முறை ஒன்றே: உச்சவேகம் வரும் இடத்தைப் பிடித்து, அங்கிருந்து சற்று ரிச் பக்கம் விடுவது. இதில் ஆயில் தனியாக இருப்பதால் டூ ஸ்ட்ரோக் அளவுக்கு உயிர் பயம் இல்லை.

எல்லாம் முடிந்தபின் நான் மெஷினின் டேங்க் மேல் பெயின்ட் பேனாவால் எழுதி வைத்துவிடுகிறேன். இப்போதுள்ள மெஷினில் 'எல் 1¼, எச் 1⅛, சித்திரை' என்று இருக்கிறது. அதன் கீழேயே 'மார்கழி, எச் 1¼' என்று இன்னொரு வரி, குளிர்ந்த காலைக் காற்று அடர்த்தியானது என்பதால்.